பள்ளி வாசலில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால் சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளிக்கூடத்துக்கும் சில கடைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் அளந்தே சொல்லியிருக்கிறது. மதுரை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக் கூடாது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் அந்தத் தூரம் 100 மீட்டர். பீடி, சிகரெட் விற்பதற்கு 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் 100 கெஜம் என்று கோடு போட்டிருக்கிறது. ஆனால், பள்ளியிலிருந்து இத்தனை மீட்டருக்குள் துப்பாக்கியைக் காட்டி ஒருவரை மிரட்டினால் இத்தனை ஆண்டு கூடுதல் தண்டனை என்று சொல்லும் தனிப் பிரிவு நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் கிடையாது. இதை முதல்முறை கேட்கும் பெற்றோர் பதறுவது இயல்பே. அதற்காக, அப்படி மிரட்டுகிறவர் தப்பிவிடலாம் என்று பொருளில்லை. மிரட்டப்பட்டவரின் அச்சம், மிரட்டியவரின் நோக்கம், அவர் கையில் இருந்த ஆயுதத்தின் உரிமம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிடித்து நடவடிக்கை எடுக்கும் வகையில் நம் சட்டங்கள் அமைந்துள்ளன. அவை ஒன்றோடொன்று எங்கே சேர்கின்றன என்பதைச் சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

தூரத்தை அளக்கும் முறை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1990-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்று, பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடி வரையிலான பகுதியைத் துப்பாக்கி இல்லா வளையமாக அறிவித்தது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 305 மீட்டர். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 1992-இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கைத்துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்து பிடிபட்ட வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பள்ளி வளாகத்துக் குற்றம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு மத்திய அரசு இதில் தலையிட முடியாது என்று கூறி, 1995-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. மாநில எல்லை கடந்து விற்பனைக்கு வந்த துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும்படி திருத்தி, 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை மீண்டும் கொண்டுவந்தது. சாதாரண மனிதர் துப்பாக்கி வைத்திருப்பதை அரசியல் சட்ட உரிமையாகக் கொண்ட நாட்டுக்கு இப்படி ஒரு வளையம் தேவைப்படுகிறது. இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையல்ல. அரசு கொடுக்கும் அனுமதி. ஆகையால், நம் சட்டம் பள்ளி வாசலில் அல்லாமல் துப்பாக்கி கைக்கு வரும் இடத்திலேயே தடையை வைத்திருக்கிறது.

மதுரையில் இதைப் பேசும்போது, நம் ஊரில் அரிவாளைத்தான் பார்த்திருக்கிறோம், துப்பாக்கி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனாலும் வங்கிக் காவலாளியின் இரட்டைக்குழல் துப்பாக்கியிலிருந்து, மலையடிவாரக் கிராமங்களில் வேட்டைக்கென்று கள்ளத்தனமாக வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி, தற்காப்புக்கு உரிமம் வாங்கிய தொழிலதிபரின் கைத்துப்பாக்கி, கடையில் எளிதாகக் கிடைக்கும் ஏர்கன் வரை பல வகைகள் நம்மிடையே இருக்கத்தான் செய்கின்றன. மேலும், கீழே சொல்லப்போகும் மிரட்டல் பிரிவுகளில் பெரும்பாலானவை அரிவாளுக்கும் அப்படியே பொருந்துபவை.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். மாலை நான்கேகால் மணி. பள்ளி விட்டு ஆட்டோக்களும் வேன்களும் இரு சக்கர வாகனங்களும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளையை அழைத்துப்போக காரில் வந்த ஒருவருக்கும் வேன் ஓட்டுநருக்கும் வழிவிடுவதில் தகராறு வருகிறது. காரில் வந்தவர் முன்பக்கப் பெட்டியைத் திறந்து, உறையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து, ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, "ஒழுங்கா வண்டிய எடு, இல்லன்னா இங்கனயே சுட்ருவேன்" என்கிறார். குண்டு வெடிக்கவில்லை. யாருக்கும் காயமில்லை. சுற்றிலும் நின்ற பிள்ளைகள் அலறி ஓடுகிறார்கள். இங்கே குற்றம் நடந்ததா?

நடந்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு, குற்றமுறு மிரட்டல் எது என்று சொல்கிறது. ஒருவரின் உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ, அல்லது அவருக்கு வேண்டியவரின் உடலுக்கோ பெயருக்கோ தீங்கு செய்வதாகச் சொல்லி, அவருக்குக் கலக்கம் உண்டாக்கும் நோக்கத்தோடு, அல்லது அவர் சட்டப்படி செய்ய வேண்டாததைச் செய்யவைக்கவோ, செய்ய உரிமையுள்ளதைச் செய்யவிடாமல் தடுக்கவோ முனைந்தால் அது குற்றமுறு மிரட்டல். சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொன்றுவிடுவேன், கொடுங்காயம் விளைவிப்பேன் என்பது போன்ற மிரட்டலானால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு வந்துவிடுகிறது. அதில் சிறை ஏழு ஆண்டு வரை போகலாம். பழைய சட்டத்தில் 506-இன் இரண்டாம் பகுதி என்று செய்தித்தாள்களில் நாம் படித்துப் பழகியது இதைத்தான். பெயரை மறைத்துக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி மிரட்டினால், நான்காம் உட்பிரிவின்படி மேலும் இரண்டு ஆண்டு வரை சிறை சேரும். பள்ளிகளுக்கு வரும் பெயரில்லா மிரட்டல் மின்னஞ்சல்களுக்கும் இது பொருந்தும்.

இந்தப் பிரிவில் துப்பாக்கி என்ற சொல்லே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு இருந்ததா, அது வேலை செய்கிறதா, உரிமம் பெற்றதா, தீபாவளிக்கு வாங்கிய பொம்மையா என்பது எதையும் 351 கேட்பதில்லை. மிரட்டப்பட்டவர் அதை நிஜத் துப்பாக்கி என்று நம்பிக் கலங்கும்படி, அந்தக் கலக்கத்தை உண்டாக்கும் எண்ணத்தோடுதான் அது நீட்டப்பட்டது என்றால் போதும். ஆகவே, பிடிபட்ட பிறகு, அது சும்மா பொம்மைதான் சார் என்று சொல்வது இந்தக் குற்றச்சாட்டுக்குத் தக்க பதிலாகாது. ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுக்கு வேண்டுமானால் அது உதவலாம். அங்கும் ஒரு விலக்கு உண்டு. கைது செய்ய வந்தவரைத் தடுப்பதற்காகப் போலித் துப்பாக்கியை நீட்டினால்கூட, ஆயுதச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கும். பார்வைக்குத் துப்பாக்கி போலிருக்கும் எதுவும், சுடக்கூடியதானாலும் ஆகாததானாலும், போலித் துப்பாக்கியே என்று அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது.

வழக்குகள் பெரும்பாலும் நோக்கம் என்ற இடத்தில்தான் ஆட்டம் காண்கின்றன. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னதெல்லாம் குற்றமுறு மிரட்டலாகிவிடாது, கலக்கம் உண்டாக்கும் நோக்கம் இருந்தது என்று பதிவிலிருந்து தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்த செயல் அந்த நோக்கத்தைக் காட்டும் வலுவான சான்று. பிள்ளைகள் வெளியே வரும் நேரம், பள்ளி வாசல் என்ற இடம் ஆகியவையும் அப்படிப்பட்ட சான்றுகளே. பள்ளிக்கு அருகில் என்பது தனிக் குற்றமாகாவிட்டாலும், மிரட்டல் எவ்வளவு கடுமையானது என்று எடைபோடுவதிலும், தண்டனையின் அளவைத் தீர்மானிப்பதிலும், பிணை கேட்கும்போதும் அரசு வழக்கறிஞர் எடுத்துவைக்கக்கூடிய சூழ்நிலை அது.

வேறு சில பிரிவுகளும் சேரக்கூடும். அடிக்கப்போகிறார் என்று மற்றவர் அஞ்சும்படி சைகை செய்வதோ ஆயத்தமாவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 130-ஆம் பிரிவின்படி தாக்க முனைதல் ஆகும். வெறும் வார்த்தை மட்டும் தாக்க முனைதல் ஆகாது என்றாலும், வார்த்தை அந்தச் சைகைக்குப் பொருள் சேர்க்கலாம் என்று சட்டமே விளக்குகிறது. இதற்குத் தண்டனை மூன்று மாதம் வரைதான். ஆனால், மிரட்டப்பட்டவர் பணியில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து, அவருடைய கடமையைச் செய்யவிடாமல் தடுக்க அது நடந்திருந்தால், 132-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை போகும். துப்பாக்கியைக் காட்டிப் பணம் பறித்தால் அது 308-ஆம் பிரிவில் வரும் அச்சுறுத்திப் பறித்தல்; உயிர் பயம் காட்டிப் பறித்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறை. கொல்லும் எண்ணத்தோடு சுட்டுக் குறி தவறினாலும் அது 109-ஆம் பிரிவின்படி கொலை முயற்சியே, அதற்கும் பத்து ஆண்டு வரை. காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை செல்லலாம்.

இனி ஆயுதத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதோ எடுத்துச் செல்வதோ குற்றம். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடைக்காது. விதிகளுக்கு உட்பட்ட துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு மட்டுமே விலக்கு. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். உரிமம் ஐந்து ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி அசட்டையாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினாலும், கல்யாணத்திலோ கோயில் விழாவிலோ கொண்டாட்டமாகச் சுட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்ற புதிய உட்பிரிவும் 2019-இல் சேர்க்கப்பட்டதுதான். குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குழல்முனையில் குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்களுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதைக் காட்டி மிரட்டினாலும் 351 பாயும்.

ஆயுதச் சட்டம் சேரும்போது நடைமுறையில் ஒரு பெரிய வேறுபாடு ஏற்படுகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, கொலை மிரட்டல் என்ற குற்றம் மட்டும் தனியாக இருந்தால், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாத வகையைச் சேர்ந்தது அது. பிணையில் விடத்தக்கதும் கூட. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் இப்படி இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் ஆயுதச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தில் உள்ள எல்லாக் குற்றங்களையும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களாக ஆக்கியிருக்கிறது. பல குற்றங்கள் சேர்ந்த ஒரு வழக்கில் ஒன்று அப்படிப்பட்டதானாலும் வழக்கு முழுவதையும் காவல்துறை உடனே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, புகாரில் துப்பாக்கியைப் பற்றிய விவரம் விடுபட்டுப்போனால், வெறும் வாய்த்தகராறு என்று, புகார் வந்ததை மட்டும் பதியும் சி.எஸ்.ஆர். ரசீதோடு காரியம் முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

உரிமம் பெற்றவர் மிரட்டினால்? பள்ளிக்கூடத்தைப் பற்றி நம் ஆயுதச் சட்டம் நேரடியாகப் பேசும் ஓரிடம் இங்கேதான் இருக்கிறது. உரிமத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகளில் ஒன்று, உரிய அதிகாரி தனியாக அனுமதித்தால் ஒழிய, திருவிழா, சமய ஊர்வலம், மக்கள் கூடும் மற்ற இடங்கள், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்கு அந்த ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது என்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்கு நிற்கும் கூட்டத்தையும், தெற்கு வாசலிலோ திருநகரிலோ உள்ள ஒரு பள்ளியின் வளாகத்தையும் ஒரே வரியில் சேர்த்துத் துப்பாக்கி நுழையக் கூடாத இடமாக அது வைத்திருக்கிறது. அதோடு, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியை உறைக்குள் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், வெளியே எடுத்து ஆட்டிக்காட்டக் கூடாது என்றும் சொல்கின்றன. நம் கற்பனை நிகழ்வில் காரில் வந்தவரிடம் ஒழுங்கான உரிமம் இருந்திருந்தாலும், அவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்த நொடியிலேயே விதியை மீறிவிட்டார்.

ஆனால் அந்த நிபந்தனையை மீறியதற்கு மட்டும் கிடைக்கும் தண்டனை மிகக் குறைவு. ஆயுதச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகள் படிக்கும் வளாகத்துக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நுழைவதற்கு இந்த அளவு போதாது என்பதே என் கருத்து. மதுக்கடைக்கும் சிகரெட்டுக்கும் மீட்டர் கணக்கில் அக்கறை காட்டிய சட்டம், இந்த ஒரு நிபந்தனையையாவது உரிமத் தாளின் பின்பக்கத்திலிருந்து எடுத்துச் சட்டப் பிரிவாக்கி, தண்டனையையும் உயர்த்த வேண்டும். அது நடக்கும் வரை, உரிமத்தின் மீது எடுக்கும் நடவடிக்கைதான் இருப்பதில் கூர்மையானது. பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்று கருதினால் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 17-ஆம் பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது; அதற்குக் குற்ற வழக்கில் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ முதல் தகவல் அறிக்கையின் நகலோடு இதற்கென்று தனியாக ஒரு மனு கொடுக்கலாம். பலர் காவல் நிலையத்தோடு நின்றுவிடுகிறார்கள், இந்த வழி அவர்களுக்குத் தெரிவதில்லை.

மிரட்டியவர் மாணவராகவே இருந்தால் சட்டம் வேறு பாதையில் செல்கிறது. 18 வயது நிரம்பாதவர் எவரும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்படி குழந்தையே. அவரைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தாமல் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றத்தில், 16 வயது நிரம்பியவரைப் பற்றி மட்டுமே, பெரியவரைப் போல் விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். துப்பாக்கி மிரட்டலுக்கு அதிகபட்சம்தான் ஏழு ஆண்டு என்பதால் அது அந்த வகையில் வராது. அந்த மாணவருக்கு ஆயுதத்தைக் கொடுத்துத் தூண்டிய பெரியவர் மீது, குழந்தையைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவின்படி மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. நிகழ்வைப் படமெடுத்தவர்கள், அந்த மாணவரின் முகமோ பெயரோ பள்ளியோ தெரியும்படி வாட்ஸ்ஆப் குழுக்களில் பரப்பினால், சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அவர்களே ஆறு மாதம் வரை சிறைக்கோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ ஆளாக நேரும். அந்தப் படத்தை அழிக்காமல், திருத்தாமல், எடுத்த செல்பேசியிலேயே வைத்திருந்து புலனாய்வு அதிகாரியிடம் ஒப்படைப்பதுதான் முறை.

புகார் எழுதுவதில்தான் வழக்கின் பாதி உயிர் இருக்கிறது. கொலை மிரட்டல் விடுத்தார் என்ற ஒற்றை வரியோடு முடியும் புகார்கள் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. எத்தனை மணிக்கு, வாசலின் எந்தப் பக்கம், துப்பாக்கியை எங்கிருந்து எடுத்தார், எந்தக் கையில் பிடித்தார், யாரை நோக்கி நீட்டினார், எவ்வளவு தொலைவில் நின்றார் என்பதை எல்லாம் எழுதவேண்டும். அவர் சொன்ன வார்த்தைகளை அவர் சொன்ன பேச்சுவழக்கிலேயே, கெட்ட வார்த்தை இருந்தாலும் மாற்றாமல், மேற்கோள் குறிக்குள் எழுதவேண்டும். நாகரிகம் கருதி அதைச் செந்தமிழாக்கிவிட்டால் மிரட்டலின் கூர்மை போய்விடும். வாசலைப் பார்த்த கண்காணிப்புக் கேமரா எந்த எந்தக் கடையில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டு, பதிவு அழிவதற்குள் எடுக்குமாறு கேட்கலாம். நிகழ்வு வேறு காவல் நிலைய எல்லையில் நடந்தது என்ற காரணத்தைக் காட்டிப் புகாரை மறுக்கக் கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. மின்னஞ்சல் வழியாகவும் தகவல் தரலாம். மூன்று நாளுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். உரிமமில்லாத் துப்பாக்கி வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு முன் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பதால் சில வாரங்கள் கூடுதலாகப் போகலாம். வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை. புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் புகார் தந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் புதிய சட்டத்தில் இருக்கிறது.

பார்த்த பிள்ளைகளைச் சாட்சி சொல்ல வைப்பதற்குப் பெற்றோர் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. காவல் நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருக்குமோ என்ற பயம்தான் அதில் பெரும்பங்கு. 15 வயதுக்குட்பட்ட சிறுவனையோ, எந்த வயதுப் பெண்ணையோ அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் சாட்சி விசாரணைக்கு வரச் சொல்லக் கூடாது என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எனவே, வாக்குமூலம் வேண்டுமென்றால் அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும். கேட்ட கேள்வியை விளங்கிக்கொண்டு பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த வயதிலும் சாட்சியாகலாம். என்ன சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த சாயல் தெரிந்தால் மட்டும் நீதிமன்றம் அதை நம்பத் தயங்கும். ஆகவே அதிகாரி வரும் வரை நிகழ்வைப் பற்றிப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கதையைச் செப்பனிடாமல் இருப்பது நல்லது. இரவில் திடுக்கிட்டு எழுவதோ பள்ளிக்குப் போக மறுப்பதோ தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அதற்கு வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.